கடகட, லொடலொட, டொக்

அப்பாவின் காரை மண்டபத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு ஓட்டிவந்த அன்று, உச்சிப்புளி தாண்டுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. மொத்தத் தூரமே 40 கிலோமீட்டர் இருக்காது. தார் ஒட்டுப்போட்ட இடங்களில் முன்பக்கம், குளிரில் பல் கிட்டுவதுபோல் ஒரு சத்தம். பிரேக்கை மிதித்தால் காலடியில் யாரோ ஒரே ஒரு முறை கதவைத் தட்டுவதுபோல் இன்னொன்று. பின்னால் டிக்கியில், பாத்திரக்காரர் மூட்டையை இறக்குவதுபோல் மூன்றாவது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "உங்கள் அப்பா ஓட்டும்போது இப்படியெல்லாம் கேட்டதில்லை" என்றார். கேட்டிருக்காதுதான். அப்பா ஓட்டும்போது பழைய பாட்டு உரக்க ஓடிக்கொண்டிருக்கும். அதோடு கடைசி நான்கைந்து ஆண்டுகளாக அவருக்குக் காது மந்தம்.

வாழ்நாளெல்லாம் காதால் பிழைத்தவர் அவர். ரயில்வேயில் கீமேன். தோளில் நீண்ட ஸ்பானர், கையில் சுத்தியல், தினமும் பல கிலோமீட்டர் தண்டவாள நடை. தண்டவாளத்தைப் பிடித்துவைக்கும் சாவிகளும் போல்ட்டுகளும் இறுகியிருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை. இறுகியது தட்டினால் "கிண்" என்னும், தளர்ந்தது "தட்" என்னும் என்று சிறுவயதில் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். வீட்டில் தேங்காய், பானை, தர்பூசணி, நிலைக்கதவு என்று எதையும் தட்டிப் பார்க்காமல் விடமாட்டார். மீட்டர் கேஜ் காலத்திலிருந்து வேலை பார்த்து, 2007-ல் பாம்பன் பாலம் அகலப் பாதையானதையும் பார்த்துவிட்டு, 2009-ல் ஓய்வு பெற்றார். ஓய்வுப் பணமும் ஊதியக் குழு நிலுவையும் சேர்ந்து வந்த அந்த ஆண்டில் வாங்கியதுதான் இந்த ஸ்விஃப்ட், பெட்ரோல் வண்டி, வெள்ளை நிறம், டி.என். 65 பதிவு.

2024 தை மாதம் அவர் காலமானார். அதன்பின் வைகாசி வரை கார் ஓலைக் கொட்டகையில் நின்றது. மண்டபம் என்பது வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல், நடுவில் நாங்கள் என்ற கணக்கில் அமைந்த ஊர். வாடை அடித்தால் வடகடல் உப்பு, கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடித்தால் தென்கடல் உப்பு. உப்புக்கு ஓய்வு நாள் கிடையாது.

சத்தங்களைக் கேட்டுப் பயந்துபோய் முதலில் வேறோர் ஊரில் உள்ள ஒரு சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். வரவேற்பில் இருந்த இளைஞர் காரை ஓட்டிப் பார்க்கவில்லை. கிலோமீட்டரைப் பார்த்தார், ஆண்டைப் பார்த்தார், கணினியில் தட்டினார். நான்கு ஷாக் அப்சார்பர்கள், அவற்றின் தலையைப் பிடிக்கும் மேல் மவுண்டுகள், கூலி எல்லாம் சேர்த்து 27,000 ரூபாய்க்கு ஒரு மதிப்பீடு நீட்டினார். "எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் சத்தம் போய்விடும், மேடம்." போகலாம்தான். வீட்டைக் கொளுத்தினால் எலியும் போய்விடும். ஷாக் அப்சார்பரில் என்ன கோளாறு என்று கேட்டேன். "வயதாகிவிட்டது" என்றார். எனக்கும்தான் ஆகிவிட்டது என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டேன்.

உச்சிப்புளிப் பக்கம் சாலையோரத்தில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனது அதற்கப்புறம்தான். அவருடைய மகள் என்னிடம் படித்தவள், அதனால் அவருக்கும் நான் டீச்சர். "சத்தம் வருகிறது, அண்ணே" என்றேன்.

"என்ன சத்தம், டீச்சர்?"

"கடகடவென்று."

"கடகடவா? லொடலொடவா?"

நான் விழித்தேன். பத்தாண்டுகளுக்கு மேலாக இரட்டைக்கிளவி நடத்துகிறவள் நான். சலசல, மடமட, கலகல என்று கரும்பலகையில் எழுதி, இவை இரட்டையாகத்தான் வரும், பிரித்தால் பொருள் தராது என்று ஆண்டுக்கு மூன்று பிரிவுகளுக்கு ஒப்பிக்கிறேன். கடகடவுக்கும் லொடலொடவுக்கும் என்ன வேறுபாடு என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. அண்ணன் விளக்கினார். கடகட என்றால் உலோகத்தோடு உலோகம், சின்ன இடைவெளி, வேகமான அசைவு. லொடலொட என்றால் பெரிய பொருள், பெரிய இடைவெளி, எதிலும் பிடிப்பில்லாமல் கிடப்பது. "டொக்" என்று ஒற்றையாக வந்தால் அது வேறு சாதி. எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாயும்போது ஏதோ ஒன்று ஒரே ஒரு முறை நகர்ந்து முட்டுகிறது. இரட்டையாக வருவது ஆடிக்கொண்டே இருப்பது, ஒற்றையாக வருவது இடம் மாறி நிற்பது. இலக்கணத்தில் இதற்கு ஒரு நூற்பா இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அன்றைக்கு அவர் காரைத் தூக்கவே இல்லை. ஒரு வாரம் ஓட்டி, நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எந்த வேகத்தில், எந்தச் சாலையில், ஒரு சக்கரம் பள்ளத்தில் விழும்போதா இரண்டும் சேர்ந்து ஏறும்போதா, பிரேக் பிடிக்கும்போதா விடும்போதா, ஸ்டீரிங்கைத் திருப்பும்போதா நேராகப் போகும்போதா. வீட்டுப்பாடம் கொடுத்தே பழகிய எனக்கு ஒருவர் வீட்டுப்பாடம் கொடுத்தார்.

இந்தக் கரையோரம் கார்ச் சத்தம் கேட்பதற்கென்றே போட்டதுபோல் இருப்பதை அந்த வாரம்தான் கவனித்தேன். 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதன் இணைப்புகள் சாலைக்குக் குறுக்கே நேர்கோடாக இருப்பதால் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும். வேதாளைப் பக்கத்து உள்சாலைகளில் இதற்கு நேர்மாறு. ஓரம் பெயர்ந்து, இடப்பக்கச் சக்கரம் மட்டும் குழியில் விழும். பாலத்தில் கார் "தடுக், தடுக்" என்று அமைதியாகப் போனது, கடகட வாயே திறக்கவில்லை. வேதாளைச் சாலையில் திரும்பிய முதல் நிமிடத்தில் கடகடகட.

நோட்டைப் பார்த்ததும் அண்ணன் சிரித்தார். முன்சக்கரங்கள் இரண்டையும் குறுக்கே பிணைக்கும் வளைந்த கம்பி ஒன்று இருக்கிறது, ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் பிடிப்பது அதுதான். இரண்டு சக்கரங்களும் சேர்ந்து ஏறினால் அதற்கு வேலையில்லை. ஒன்று இறங்கி மற்றது நின்றால்தான் முறுக்கேறும். அந்த முறுக்கைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது இரு முனையிலும் உள்ள லிங்க் ராடு, சுண்டுவிரல் தடிமன் கம்பி, இரண்டு நுனியிலும் குண்டுமணிபோல் ஒரு பந்து மூட்டு. பந்து தேய்ந்துவிட்டால் கடகட. பாலத்தில் கேட்காமல் ஒற்றைக்குழியில் மட்டும் கேட்கிறதென்றால் குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான். ஆனாலும் அவர் உடனே புதிது வாங்கச் சொல்லவில்லை. இரு பக்க லிங்க் ராடுகளையும் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, "மெதுவாக ஒரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள், வளைவில் கொஞ்சம் அதிகமாகச் சாயும், பயப்படாதீர்கள்" என்றார். போனேன். அதே குழிகள், சத்தம் இல்லை. பொருளை வாங்கிப் போட்டுவிட்டு சத்தம் போகிறதா என்று பார்ப்பதும், பொருளைக் கழற்றிவிட்டு சத்தம் போகிறதா என்று பார்ப்பதும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டாவதற்குச் செலவு கிடையாது.

லொடலொடவுக்கு வருகிறேன். அது என் மானத்தை வாங்கியது. பின்பக்க ஷாக் அப்சார்பர்தான் என்று மூன்று வாரமாக நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் டிக்கியைத் திறந்து, "உள்ளே இருப்பதையெல்லாம் முதலில் வெளியே எடுங்கள்" என்றார். ஸ்டெப்னிக்கு அடியில் கருத்து மக்கிப்போன ஒரு சாக்கு. அதற்குள் ஒரு சுத்தியல். அலுவலகச் சுத்தியலை ஓய்வு நாளில் ஒப்படைத்துவிட்டு, அதே எடையில் ஒன்றைச் சந்தையில் வாங்கிக் காரில் போட்டு வைத்திருக்கிறார் அப்பா. எதற்கு என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. சாக்கு இருந்தவரை அது சத்தம் போடவில்லை. பரமக்குடியில் இருக்கும் தங்கைக்கு மாதம் இருமுறை நண்டும் கணவாயும் விளைமீனும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுபோவார். ஐஸ் உருகிய மீன்தண்ணீர் ஒழுகி ஒழுகிச் சாக்கை மக்க வைத்துவிட்டது. தண்ணீர் வடிய வேண்டும் என்று ஸ்டெப்னிக் குழியின் ரப்பர் அடைப்பையும் பிடுங்கிவிட்டிருக்கிறார். ஓட்டையைச் சுற்றித் துரு, ஓர் அப்பளம் அகலத்துக்கு. மதிப்பீட்டில் இருந்த 27,000 ரூபாயில் ஏறக்குறைய பாதி இந்தச் சுத்தியலுக்கான பணம்.

அதன்பின்தான் "டொக்".

இதை நானே பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். மண்டபம் வீட்டு வாசலில் ஜாக்கி வைத்தேன். வாசல் முழுதும் மணல். நான்கு திருப்புத் திருப்பியதும் கார் ஏறுவதற்குப் பதில் ஜாக்கி இறங்கியது. அம்மா பழைய கதவுப் பலகை ஒன்றை இழுத்துவந்து போட்டார். ஏறிய பிறகும் அடியில் தலையை நுழைக்கவில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகிறவர்களைப் பற்றி அண்ணன் சொல்லியிருந்த கதைகள் போதும். சக்கரத்தைக் கழற்றி அதைக் கதவோரச் சட்டத்துக்கு அடியில் படுக்கவைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பார்த்தவரை எல்லாமே கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இப்படியாக என் பிடிவாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது.

பட்டறையில் அது பத்து நிமிட வேலை. அண்ணன் என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, ஊர்ந்து முன்னே போய்ப் பிரேக், ஊர்ந்து பின்னே வந்து பிரேக் என்று மாற்றி மாற்றிச் செய்யச் சொன்னார். திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு டொக். அவர் தரையில் குந்தி முன்சக்கரத்தையே பார்த்தார். பிரேக் பிடிக்கும் நொடியில் சக்கரம் முழுவதுமே ஒரு விரல் நகர்வதை அடுத்து எனக்கும் காட்டினார். சக்கரத்தை உடம்போடு பிணைக்கும் லோயர் ஆர்ம் என்ற இரும்புக் கைக்கு இரண்டு ரப்பர் புஷ்கள். பின்பக்கத்துப் பெரிய புஷ்தான் முன்பின் இழுப்பைத் தாங்குவது. லீவரைக் கொடுத்து நெம்பியதும் அது கிழிந்த செருப்புபோல் வாய் திறந்தது. நகத்தால் கீறினால் மைபோல் ஒட்டியது. ரப்பர் தடித்து, ஊறி, பஞ்சாகியிருந்தது.

"அடியில் எண்ணெய் அடிப்பீர்களா, டீச்சர்?"

அடிப்போம். ஆண்டுதோறும் கச்சான் தொடங்குவதற்கு முன் அப்பா காரைக் கொண்டுபோய் அடிப்பாகம் முழுதும் டீசலும் பழைய எஞ்சின் ஆயிலும் கலந்து பீய்ச்சி அடிக்கச் சொல்வார். இந்தக் கரையில் பலரும் செய்வதுதான். அப்பாவுக்கு அதில் தனி நம்பிக்கை. தண்டவாள இணைப்புகளுக்கு மசகு போட்டே வளர்ந்த கை. கடற்காற்றில் இரும்புக்கு எண்ணெய்தான் மருந்து என்பது அவர் கண்ணால் கண்ட உண்மை, ஒரு நாளும் பொய்த்ததில்லை. ஆனால் தண்டவாளத்தைவிடக் காரில் ரப்பர் அதிகம். இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், ஊறிய அப்பம்போல் உப்பும், பிறகு வலுவிழக்கும். புஷ்கள் போனது அப்படி. லிங்க் ராடின் பந்து மூட்டைப் போர்த்திருந்த ரப்பர் உறையும் அப்படியே வெடித்து, உள்ளிருந்த கிரீஸ் வெளியேற, உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கடகடவும் டொக்கும் ஒரு தாய்ப் பிள்ளைகள். ஷாக் அப்சார்பர்கள் நான்கிலும் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. மூலையை அழுத்திவிட்டால் ஒரு முறை எழும்பி அடங்கி நின்றன.

அப்பா செய்தது தவறு என்று அன்று பட்டறையில் சொன்னேன். அண்ணன் பதில் சொல்லாமல் ஸ்பானரால் அடித்தளத் தகட்டை நெடுகத் தட்டிக் காட்டினார். கிண், கிண், கிண். பதினைந்து வருடம் இரண்டு கடலுக்கு நடுவில் நின்ற காரில், மீன்தண்ணீர் விழுந்த அந்த ஓர் இடம் தவிர எங்கும் தகடு இற்றுப்போகவில்லை. "இதே வயதில் கீழே கால் வைத்தால் ரோடு தெரிகிற வண்டியெல்லாம் என்னிடம் வந்திருக்கிறது. புஷ் போனால் புஷ் போடலாம். தளம் போனால் வண்டி இல்லை." ஆகவே அப்பாவைப் பற்றிய என் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மறைக்க வேண்டிய ரப்பரைத் துணியால் மூடிவிட்டு அடித்திருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும், அவ்வளவுதான்.

லோயர் ஆர்ம் இரண்டும், லிங்க் ராடு இரண்டும், ஸ்டெபிலைசர் புஷ்களும் மாறின. மாட்டும்போது அண்ணன் செய்த ஒரு காரியத்தைக் குறிப்பிட வேண்டும். ஆர்ம் போல்ட்டுகளைக் கார் தூக்கி நிற்கும்போது கையிறுக்கமாக மட்டும் விட்டார். சக்கரங்கள் தரையில் ஊன்றி, காரின் எடை முழுதும் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், கார் இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே கிடக்கும், ஒரு வருடத்தில் கிழியும். புதுப் பொருள் போட்டும் சத்தம் திரும்பி வந்தது என்று சொல்கிறவர்கள் பலருக்கும் நடந்தது இதுவாக இருக்கலாம். அதன்பின் வீல் அலைன்மெண்ட், அதுவும் அதே நாளில். ஆர்மைக் கழற்றி மாட்டினால் சக்கரத்தின் கோணம் பழையபடி நிற்கும் என்று நம்பக் கூடாது.

சத்தம் தீர்ந்தது என்று மகிழ்ந்திருந்தபோது அண்ணன் பின்சக்கரத்தைக் கழற்றி, "இதையும் பாருங்கள்" என்றார். இடப்பக்கச் சுருள்வில்லின் கடைசிச் சுற்று, நுனியிலிருந்து ஒரு சாண் அளவு, துருப்பிடித்து முறிந்து, வில் உட்காரும் கிண்ணத்திலேயே சாய்ந்து கிடந்தது. அது ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. அதற்கப்புறம் எனக்குச் சத்தங்கள்மீது இருந்த கோபம் போய், சத்தம் போடாதவைமீது பயம் வந்தது.

அப்பாவிடம் பழைய ரயில்வே டைரி ஒன்று இருந்தது. பெட்ரோல் போட்ட நாள், லிட்டர், கிலோமீட்டர், எஞ்சின் ஆயில் மாற்றிய தேதி எல்லாம் பச்சை மையில். எஞ்சின் ஆயில் ஒரு முறைகூடத் தவறவில்லை. ஆனால் சத்தம் போடாத எதுவும் அந்த டைரியில் இல்லை. பிரேக் ஆயில் மாற்றியதாக ஒரு வரி இல்லை. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். திறந்து பார்த்தபோது கடுங்காப்பி நிறம். வலது முன் பிரேக்கில், பேட்களை டிஸ்கோடு அழுத்தும் காலிப்பர் நகர உதவும் ஊசிகள் உப்பில் இறுகி, உள்பக்க பேட் தகடுவரை தேய்ந்து, வெளிப்பக்க பேட் பாதி மிச்சம் இருந்தது. ஊசிகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து சிலிகான் கிரீஸ் போட்டார்கள். சாதா கிரீஸ் ஏன் கூடாது என்று நான் கேட்கவில்லை. அங்கேயும் ரப்பர் உறை இருக்கிறது, பாடம் புரிந்துவிட்டது.

அடுத்து, எஞ்சினின் உள்ளசைவுகளை ஒரே தாளத்தில் வைத்திருக்கும் டைமிங் பெல்ட். 71,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, ஒரு லட்சத்துக்குத்தான் மாற்ற வேண்டும் என்று என் கணவர் வாதாடினார். இந்த 1.3 லிட்டர் எஞ்சினில் இருப்பது ரப்பர் பெல்ட், 2010-க்குப் பின் வந்த கே-சீரிஸ் எஞ்சின்போல் சங்கிலி இல்லை. ரப்பருக்குக் கிலோமீட்டரும் வயது, நாளும் வயது. பதினைந்து வருடப் பெல்ட்டைக் கையில் வாங்கி வளைத்துக் காட்டியபின் வாதம் முடிந்தது. முதுகில் நெடுக மயிரிழை விரிசல்கள்.

டயர்களும் இதே கதைதான். பட்டன் நன்றாகத் தெரிகிறது, இன்னும் மூன்று வருடம் ஓடும் என்று எனக்குத் தோன்றியது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. எங்களுடையதில் 2215. 2015-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் பிறந்தது. பக்கச் சுவர் வறண்ட கண்மாய்போல் வெடித்திருந்தது. நின்ற இடத்திலேயே ஐந்து மாதம் எடை தாங்கியதில் அடிப்பக்கம் தட்டையாகி, முதல் சில கிலோமீட்டர் ஸ்டீரிங் உதறியதற்கும் அதுவே காரணம். நான்கையும் மாற்றினேன். செலவில் பெரிய பங்கு அதற்குத்தான் போனது, வருத்தமில்லை.

மற்றவை சில்லறை. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி பனைநாரும் வேப்பங்கொட்டையும் சேர்த்துக் குடும்பம் நடத்தியிருந்தது. பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீரும் ஆப்பச்சோடாவும் போட்டுக் கழுவினேன். கூலண்ட், கியர் ஆயில், ஸ்பார்க் பிளக் எல்லாம் மாறின. பின் சுருள்வில் ஒரு பக்கம்தான் முறிந்திருந்தாலும் இரண்டையும் மாற்றினோம், ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் கார் நொண்டும். சஸ்பென்ஷன் வேலைக்கு மட்டும் பொருள், கூலி, அலைன்மெண்ட் எல்லாம் சேர்ந்து 14,000-க்குள் முடிந்தது.

காகிதங்களும் பராமரிப்பில் சேர்த்திதான் என்பதை நாங்கள் தாமதமாக உணர்ந்தோம். உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் வாரிசு படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ் வாங்கவும், அம்மாவும் தங்கையும் சம்மதக் கடிதம் எழுதித் தரவும் நாள் ஓடிவிட்டது. தப்பு எங்களுடையது. அதே ஆண்டு ஆவணியில் பதிவின் பதினைந்து ஆண்டும் முடிந்தது. புதுப்பிக்கக் கட்டணம் 5,000 ரூபாய், தனியாகப் பசுமை வரி, தகுதிச் சோதனை. பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு வாசலில் நிற்பதுபோல் நின்றேன். தேறிவிட்டது, ஐந்து ஆண்டுகளுக்கு.

முதல் நீண்ட ஓட்டம் தனுஷ்கோடிக்கு. அரிச்சல்முனை வரை 2017-ல் திறந்த சாலை, இருபுறமும் கடல். குழி கிடையாது, அதனால் மற்ற சத்தங்களைக் கேட்க நல்ல இடம். வேகத்தோடு ஏறும் ரீங்காரம் இருந்தால் வீல் பேரிங், ஸ்டீரிங்கை லேசாக இடமும் வலமும் சாய்க்கும்போது அந்த ரீங்காரம் கூடிக் குறையும் என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். ரீங்காரம் இல்லை. ஆனால் கச்சான் சாலைக்குக் குறுக்கே மணலை வாரிக்கொண்டிருந்தது. திரும்பும் வழியில் திடீரென்று வலது சக்கரத்திலிருந்து நெஞ்சை அறுக்கும் கிறீச். அம்மா சாமி பெயரைச் சொல்லத் தொடங்கினார். நான் காரை ஓரமாக நிறுத்தி, நோட்டை எடுத்து, வேகம், திசை, பிரேக் என்று எழுதத் தொடங்கினேன், அவ்வளவு தேறிவிட்டேன். பிறகு கொஞ்சம் பின்னால் எடுத்து, மறுபடி முன்னே போனதும் சத்தம் நின்றுவிட்டது. பிரேக் டிஸ்குக்கும் அதன் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டுக்கும் இடையில் ஒரு சிறு கல் மாட்டியிருக்கிறது. பைசா செலவில்லாத நோய்.

எஞ்சியிருக்கும் கேள்வி உப்பு. எண்ணெய் அடிப்பதில்லை என்று முடிவு செய்தாயிற்று. அடிப்பாகத்துக்கு ரப்பரை மறைத்துவிட்டு மெழுகுப் பூச்சு அடித்திருக்கிறார்கள். அதற்கு மேலும் நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவ வேண்டும் என்றார் அண்ணன். நல்ல தண்ணீர்! மண்டபம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் வருவது வாயில் வைக்க முடியாத உவர்நீர். அதில் கழுவினால் உப்பின்மேல் உப்பு. காவிரித் தண்ணீர் குழாயில் வரும் நாளில் குடத்தோடு காத்திருக்கும் அம்மாவிடம் காரின் அடியைக் கழுவ இரண்டு குடம் கேட்டுப் பார்த்தேன். "உங்கள் அப்பாவுக்குக்கூட இவ்வளவு துணிச்சல் இருந்ததில்லை" என்றார்.

ஆகவே ஐப்பசி வரை காத்திருந்தேன். முதல் பெருமழை பெய்த மாலை, தெருவில் எல்லோரும் வண்டிகளைக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டிருந்தபோது நான் காரை வெளியே எடுத்தேன். சாலை ஓரங்களில் ஓடிய மழைத்தண்ணீரில் சக்கரங்கள் வாரியடிக்க, உச்சிப்புளி வரை மெதுவாகப் போய்த் திரும்பினேன். பட்டறை வாசலில் நின்ற அண்ணன் கை காட்டி நிறுத்தி, "இந்த மழையில் எங்கே, டீச்சர்?" என்றார். கழுவ என்றேன். அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.

ஸ்டீரிங்கை நின்ற இடத்தில் திருப்பினால் இப்போது ஒரு மெல்லிய "டிக்" கேட்கிறது. மேல் மவுண்டா, ஸ்டீரிங் தண்டின் மூட்டா என்று தெரியவில்லை. அன்று மாலையே கவனிக்கலாம் என்று நினைத்திருந்தேன். கூரையில் விழுந்த மழையில் எதுவும் கேட்கவில்லை.